இரவல் போன ரம்பம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு கடையநல்லூரில் ஒரு வீட்டு வாசலில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். என்ன பொய் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் அடுத்த பக்கத்திலிருக்கும் துணுக்குக்குப் போய்விடுவீர்கள்.

பத்திரிகை ஆசிரியர் கேட்டது வேறு. சீசன் மலருக்குக் குற்றாலத்தை வைத்து ஒரு காதல் கதை, அருவி கட்டாயம் வரவேண்டும், சாரலும் இருந்தால் நல்லது என்று கார்டு போட்டிருந்தார். நானும் யோக்கியமாகத்தான் தொடங்கினேன்.

'ஐந்தருவியின் சாரலில் நனைந்தபடி அவள் நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே அவன்—'

எவன்? எனக்குத் தெரிந்து ஐந்தருவிப் பாதையில் நாள் முழுக்க நனைந்துகொண்டு நின்ற ஆண்பிள்ளை ஒருவன்தான் உண்டு. அவன் பெயர் துல்கர்னைன். அவன் கையில் இருந்தது மரம் அறுக்கிற மெஷின். அவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியவள் பதினைந்து மைலுக்கு அப்பால் அப்பன் வீட்டில் இருந்தாள். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். இதில் காதல் இருக்கிறது, ஆனால் மலரில் படம் போடுகிற மாதிரி இல்லை.

2

வேறு தொடக்கம்.

'1964-ஆம் வருஷம் மே மாதம், தென்காசியில் பம்ப்செட்டும் ஆயில் எஞ்சினும் விற்கும் ஒரு கடைக்கு இரண்டு சங்கிலி ரம்பங்கள் வந்து சேர்ந்தன.'

இது தேவலை. விளம்பரம் மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை. அந்தக் கடையில் விற்பனையாளன் நான், பெயர் ஞானதுரை. கதை எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்த பிறகு. மற்ற ஆறு நாளும் குதிரைசக்தி பேசுகிறவன்.

செங்கோட்டைக்கு மேலே மலையில் இருந்த ஒரு எஸ்டேட்டை விற்றுவிட்டு அதன் வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது, அவருடைய சாமான்கள் ஏலத்தில் போயின. எங்கள் முதலாளி இந்த இரண்டு ரம்பங்களையும் எடுத்துவந்தார். ஒன்று பெரியது. எஸ்டேட்டில் மரத்தை அடியோடு அறுத்துத் தள்ளுவதற்கு வைத்திருந்தது. தூக்கினால் இடுப்பு பேசும். மற்றது சிறியது. துரை தன் பங்களாத் தோட்டத்தில் கிளை கழிப்பதற்கு வைத்திருந்தது. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் இரண்டும் கத்தும், பற்கள் கோத்த சங்கிலி தகட்டைச் சுற்றி ஓடும். ஊரில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு வாரம் கடை வாசலில் பஸ் நிலையத்துக் கூட்டம்.

[இந்த இடத்தில் அந்த இரைச்சலைக் கேட்டு ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாக எழுதியிருந்தேன். ஓடியது உண்மைதான். ஆனால் நான் சிரிப்புக் காட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறேன் என்று எனக்கே தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.]

3

ஜாஹிரா பீவி வந்தார். ஐந்தருவிப் பாதையில் மாவும் பலாவுமாக ஒரு தோப்பும், அதற்குள் ஒரு ஓட்டு வீடும் அவருக்கு உண்டு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். முந்தின சீசன் காற்றில் ஒரு பலாமரம் ஓட்டின் மேல் சாய்ந்து, அறுக்க ஆள் கிடைக்காமல் ஒன்பது நாள் அதன் கீழேயே படுத்து எழுந்தார். சீசனில் மரம் வெட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஊர் முழுக்க வேலை இருக்கும். அதனால் சொந்தமாக ஒரு ரம்பம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

கூட வந்தவன் அவருடைய தம்பி துல்கர்னைன். கொழும்பில் ஜவுளிக்கடையில் இருந்தவன். விசா முடிந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு வருஷமாக அக்காள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி ஜன்னத்தை அவள் வாப்பா மசூது கடையநல்லூருக்கு அழைத்துப் போய்விட்டார். மருமகனுக்குத் தொழில் ஏற்பட்டால் பெண்ணை அனுப்புவேன், அதுவரை இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். இதைத் துல்கர்னைன் கடையில் வைத்தே என்னிடம் சொன்னான். ஒளித்துப் பேசத் தெரியாதவன்.

அவன் சிறியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பெரியதைத் தூக்கிப் பார்த்தான்.

"லாத்தா, பெரிசையே எடுப்போம். இத வச்சு நான் காட்டு வேலைக்குப் போயிருவேன். தளவாய் அண்ணாச்சிட்ட மரம் தள்ள ஆள் தேடுதாங்க. ஆறு மாசம் போதும், ஜன்னத்தக் கூட்டியாந்துருவேன்."

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்காள். ஜாஹிரா பீவி தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. நமக்கு எது தோது?"

இப்போது கவனியுங்கள். அன்று காலைதான் முதலாளி, பெரியதைக் காட்டுக் குத்தகைக்காரர் தளவாய்க்கு வைத்திருக்கச் சொல்லியிருந்தார். தளவாய் வருஷத்துக்கு இரண்டு எஞ்சின் எடுக்கிற ஆள். யார் கேட்டாலும் பேச்சை மாற்றிச் சிறியதைக் கொடுத்துவிடு என்று எனக்கு உத்தரவு. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நியாயம் பேசினேன்.

"வருஷத்துல நாலு நாள் கிளை அறுக்கதுக்கு இம்புட்டுப் பெரிசு என்னத்துக்குக்கா? இது தொழில் சாமான். தெனமும் ஓட்டுதவனுக்கு உள்ளது. சின்னது வீட்டுச் சாமான். ஏணி, கடப்பாறை மாதிரி அது பாட்டுக்கு மூலையில கெடக்கும்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்று யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எப்போதாவது எடுத்து ஓட்டுகிறவனுக்குப் பெரிய மெஷின் வீண்செலவு, கை வலி, ஆபத்து. இவ்வளவு சரியான புத்திமதியை நான் என் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. துல்கர்னைன் பெரியதைக் கீழே வைத்தான். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றான்.

4

(கதையை இங்கே சற்று நிறுத்துகிறேன். அவசரக்காரர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

ரம்பங்களோடு ஒரு இங்கிலீஷ் பிரசுரமும் வந்திருந்தது. சிறிய ரம்பத்தின் பக்கத்தில் ஒரு படம். ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு முன்னால் விறகு அறுக்கிறார். தொப்பி போட்ட மனைவி சிரிக்கிறாள். சுற்றிலும் புல். 'வருஷத்தில் சில நாட்கள் மட்டும் உபயோகிக்கும் வீட்டுக்காரர்களுக்கு' என்று கீழே போட்டிருந்தது. அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் என்ன இல்லை என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்து வீடு இல்லை.

நம் ஊரில் வீட்டுச் சாமான் என்றால் என்ன என்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டுச் சாமான் என்றால் கேட்டால் கொடுக்க வேண்டிய சாமான். ஏணி, அண்டா, ஜமக்காளம், கிணற்றுக் கயிறு. புழங்குகிற சாமானைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதை ஜாஹிரா பீவி தொழுகையை விடுவதற்குச் சமமாக நினைத்தார். கொடுத்ததற்குக் கூலி வாங்குவது அதைவிடக் கேவலம். இது அவர் ஒருத்தருக்கு மட்டும் உள்ள கிறுக்கு இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், உங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

தொழில் சாமான் வேறு. அதை யாரும் கேட்க மாட்டார்கள். தறியை இரவல் கேட்டவன் உண்டா? நாவிதரின் கத்தியை? கேட்கிறவனுக்கே நாக்கு எழாது. வேலை ஆக வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டியதுதான்.

ஆக, நான் அன்று அந்த ரம்பத்துக்கு வைத்த பெயர்தான் வினை. 'வீட்டுச் சாமான்' என்று நான் சொன்ன நிமிஷத்திலேயே அது ஊர்ச் சாமான் ஆகிவிட்டது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் துல்கர்னைன். அவனும் சாமானோடு சேர்ந்து இரவல் போனான்.

5

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜூனில் காற்று வந்தது. தோப்பில் இரண்டு கிளை விழுந்தன, அரை மணியில் அறுத்துத் தள்ளினான். ஊர் பார்த்தது. மறுநாளே முதல் ஆள் வந்தார். தர்கா கந்தூரிச் சோற்றுக்கு விறகு. பிறகு கல்யாண வீடுகள். பிறகு ஐந்தருவிக் கடைக்காரர்கள், கூரைமேல் விழுந்த கொப்பை எடுக்க. பிறகு எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வேம்பு. ஜாஹிரா பீவி யாருக்கும் மறுக்கவில்லை. தம்பி இல்லாமல் மெஷினை மட்டும் அனுப்பப் பயந்தார், அதனால் ஒவ்வொரு தடவையும் அவனும் போனான். பகல் முழுக்க அறுப்பான். காப்பி கொடுப்பார்கள். சில வீட்டில் ஒரு பலாப்பழம்.

ஒரே ஒரு தடவை ஒரு பழக்கடைக்காரரிடம், பெட்ரோலோடு தன் கைக்கும் ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டான். அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அன்று ஜாஹிரா பீவி தம்பியோடு சோறு உண்ணவில்லை. "அண்டாவ இரவல் குடுத்துட்டு அண்டாவுக்கு வாடகை கேப்பியாலே?" என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு அவன் யாரிடமும் கேட்கவில்லை.

[ஜாஹிரா பீவியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். அப்படி எழுதினால் பழி அவர் தலைமேல் போய் நான் தப்பித்துக்கொள்வேன். வசதியாக இருந்தது. ஆனால் பலாமரத்துக்குக் கீழே ஒன்பது நாள் படுத்திருந்தவருக்கு, மரம் விழுந்த வீட்டுக்காரன் வந்து கேட்டால் எப்படி இல்லை என்று சொல்ல வரும்? அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டேன்.]

இதற்கிடையில் பெரிய ரம்பம் தளவாயிடம் காட்டில் ஓடியது. ஓட்டினவன் எவனோ வெளியூர்க்காரன். ஆறு மாதத்தில் அவன் குடும்பத்தைக் கூட்டி வந்து சிவகிரியில் வீடு பார்த்துவிட்டான் என்று கேள்வி. துல்கர்னைனும் அதைக் கேள்விப்பட்டிருக்கிறான். என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வருஷத்தில் நாலு நாள் என்று நான் சொன்ன ரம்பம் பதினாலு மாதத்தில் எத்தனை நாள் ஓடியது என்று அவனுக்கே நினைவில்லை. 1965 ஜூலையில் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, சங்கிலி தளந்துபோச்சு. வேற கெடைக்குமா?"

கொச்சியில் இருக்கும் ஏஜெண்டுக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன். எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனாலும் அது உண்மை இல்லை. ஒரு சங்கிலிக்காக யார் மெனக்கெடுவது என்று தள்ளிப்போட்டேன்.

6

இந்தப் பகுதியை எழுதத்தான் நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஆகஸ்டில் என் தங்கை ரெபேக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்துக்கு விறகு வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காற்றில் விழுந்த புளியமரம் ஒன்று கிடந்தது. அடிமரம் இரண்டரை அடி கனம். புளி எப்பேர்ப்பட்ட மரம் என்று அறுத்தவர்களுக்குத் தெரியும். தளவாயிடம் கேட்க முடியாது, அது தொழில் சாமான், கூலி கொடுத்துக் கூப்பிட வேண்டும். நான் ஜாஹிரா பீவியிடம் போனேன்.

ஆம். நானும் இரவல் கேட்டேன். முக்கால் அடிக்கு மேல் கனமான மரத்தில் வைக்காதே என்று அந்தப் பிரசுரத்தை வாசித்து ஊருக்குத் தமிழில் சொன்னவன் நான். சங்கிலி தளர்ந்தது ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

துல்கர்னைன் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"இது தாங்குமா அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா அறு" என்றேன்.

'சங்கிலி அறுந்தபோது நான்—'

'சங்கிலி அறுந்து தெறித்த சத்தம் கேட்டு நான்—'

'நான் அப்போது அங்கே—'

அங்கே இல்லை. உள்ளே உட்கார்ந்து ரெபேக்காளின் கல்யாணக் கடிதங்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் மாறியது காதில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த விலாசத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சங்கிலி அறுந்து பின்னால் சுழன்று அவன் வலது கையில் விழுந்திருந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டும் மடங்காது.

ஆறாம் நாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஜாஹிரா பீவியிடம் மெஷின் கேட்டு வந்தார். கையைப் பற்றி அக்கறையாக விசாரித்துவிட்டுத்தான் கேட்டார், குறை சொல்லக் கூடாது. ஜாஹிரா பீவி அப்போதும் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. சங்கிலி இல்லை என்றுதான் சொன்னார்.

7

முடிவுகள்.

(அ) செய்தி கேட்டு ஜன்னத் ஓடி வருகிறாள். கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே சாரல். ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, இரண்டு நாள்.

(ஆ) தளவாய் மனமிரங்கி அவனை மேஸ்திரியாக வைத்துக்கொள்கிறார். தளவாயைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

(இ) கடைக்காரன் எல்லார் முன்னிலையிலும் தன் தப்பை ஒப்புக்கொள்கிறான். இதைத்தான் நன்றாக எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. எழுதுகிறவனுக்குக் கண் கலங்கினால் அதில் ஏதோ திருட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

8

நடந்தது இதுதான்.

நவம்பரில் ஜாஹிரா பீவி கடைக்கு வந்தார். கடையநல்லூரில் மசூது பெண்ணுக்கு விவாக விடுதலை கேட்கிறாராம். மருமகனுக்குத் தொழில் செய்கிற எண்ணமே கிடையாது, துரை மாதிரி ஒரு விளையாட்டு மெஷினை வாங்கிக்கொண்டு ஊர்சுற்றிக் கையைக் கெடுத்துக்கொண்டான், இனி எதை நம்பிப் பெண்ணை அனுப்புவது என்கிறாராம். தம்பி தொழிலுக்காகப் பெரியதைத்தான் கேட்டான் என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை. ரம்பம் வாங்கிய அன்று கடையில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. "நீங்க போயி ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. வெளியாள் சொன்னா அவரு கேப்பாரு."

போனேன். மசூது தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்.

"அக்காளும் தம்பியும் ஒரே பேச்சுப் பேசுதாங்க. கடையில நின்னது நீருதானே? நீரு சொல்லும், ஒம்ம பேச்ச நான் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் உள்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஜன்னத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

"வாப்பா, நான் கேக்கேன்." பிறகு என்னிடம் கேட்டாள். "ரெண்டு மெஷின் இருந்துச்சாம்லா. அவுக எத எடுக்கணும்னு சொன்னாக?"

அவள் கேட்டது மெஷினைப் பற்றி இல்லை. தன்னைக் கூட்டிவர அவனுக்கு மனம் இருந்ததா என்று கேட்டாள். பெரியது என்று நான் சொன்னால் இருந்தது. சிறியது என்றால் இல்லை. விரல் போனவனோடு போய் இருப்பதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அப்பனை முந்திக்கொண்டு கேட்டிருக்க மாட்டாள்.

பெரியது என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் எடுக்கவில்லை என்பது. அதற்கான பதில் நான்தான். பதிலுக்குள்ளே முதலாளி, தளவாய், எழுதிப் போடாத சங்கிலி, புளியமரம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மசூது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுதான்" என்றேன். "சின்னதே போதும்னுதான் அவரு சொன்னாரு."

 "அப்பம் சரி" என்றாள். அவ்வளவுதான். மசூது டீ வரவழைத்தார். குடித்தேன்.

தென்காசியில் ஜாஹிரா பீவி பஸ் நிலையத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். சொன்னீங்களா தம்பி என்றார். சொன்னேன் என்றேன். நல்லா இருப்பீங்க என்று என்னை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

9

துல்கர்னைன் இப்போது பாவூர்சத்திரம் சந்தையில் லாரிகளுக்குக் கை காட்டி இடம் ஒதுக்குகிற வேலையில் இருக்கிறான், இடது கையால். என்னைப் பார்த்தால் இன்னும் அண்ணாச்சி என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறான். உங்க பேச்சையே அந்த மனுசன் கேக்கலியே அண்ணாச்சி என்று மாமனாரைத்தான் நொந்துகொள்கிறான். பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விடுதலை இன்னும் ஆகவில்லை. அவள் இன்னும் வாப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.

மூன்று தடவை கடையநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். மூன்று தடவையும் பஸ் நிலையத்தில் இறங்கி, நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நான் கோழை. இதை வெளிப்படையாக எழுதுவதில் ஒரு வீரம் இருப்பதாக நீங்கள் நினைக்கக்கூடும், இல்லை. எழுதுவது எனக்குச் சுலபம், போய்ச் சொல்வதுதான் முடியவில்லை.

ஆசிரியர் இதை வாசித்துவிட்டு, முடிவை வாசகரிடம் விடுவது நல்ல உத்தி என்று பாராட்டிக் கார்டு போடுவார். உத்தி இல்லை சார். கடையநல்லூரிலும் இந்தப் பத்திரிகை கடையில் தொங்குகிறது. அந்த ஊர் வாசகர் யாராவது இதை வாசித்தால், தறிக்கார மசூது வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். ஜன்னத்துக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. வாயால்தான் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே நின்று, கடைக்காரன் பொய் சொன்னான், உன் புருஷன் கேட்டது பெரியதைத்தான் என்று சொல்லுங்கள்.

அதற்கு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. அதை எனக்கு எழுத வேண்டாம்.